கியர் விழலையா? பெட்டியை உடனே பிரிக்காதீங்க!

2007-ல் வந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படத்துல ரோபோவா மாறுமே ஒரு மஞ்சள் கார், ஞாபகம் இருக்கா? செவர்லே கமாரோ! அந்தப் படத்துல பளபளன்னு வந்து நின்ன புது மாடலுக்கு முந்தைய தலைமுறை கமாரோதான் இந்த வாரம் நம்ம பேஷன்ட். 1993-லிருந்து 2002 வரை வந்த வண்டி. அதிலும் 1998 மாடலுக்கு அப்புறம் வந்த ‘இஸட்28’னா 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் ‘எல்எஸ்1’ இன்ஜின். ஆரம்பத்தில் 305 குதிரைசக்தி. அமெரிக்காவில் இதை செகண்ட் ஹேண்டில் வாங்குற பசங்க, வாங்கின நிலையிலேயே ஓட்டுவாங்களா என்ன? சைலன்ஸர் மாத்தி, கேம்ஷாஃப்ட் மாத்தி, பின் ஆக்ஸில் பல்சக்கரத்தை மாத்தி, கடைசியில் வண்டியோட கம்ப்யூட்டரையும் நோண்டிடுவாங்க.

எம்.எஸ். படிக்கிறேன்னு மிச்சிகன், டெக்ஸாஸ் பக்கம் பறக்குற நம்ம ஊர் மெக்கானிக்கல் பசங்க கண்ணும் இந்த மாதிரி வண்டி மேலதான். பழசு, விலை படியுது, சத்தம் சூப்பர். ஆனா அதில் ஆட்டோமேட்டிக் கியர் இருந்தா, ஒருநாள் இந்த சீன் நடக்கலாம்: இரண்டாவது கியர் வரைக்கும் ஜம்முனு இழுக்குது. மூணாவதுக்கு மாறுற நேரத்துல இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. ஒர்க்‌ஷாப்பில் விட்டா ஒரே வரியில் தீர்ப்பு: “கியர்பாக்ஸ் போச்சு. மொத்தமா பிரிச்சு மாட்டணும்.” செலவு ஆயிரக்கணக்கான டாலர். சரின்னு கடன் வாங்கிப் போட்டா, சில மாசத்தில் மறுபடி அதே மூணாவது கியர், அதே கத்தல்!

புது பார்ட்ஸ் போட்டும் ஏன் போகுது? ஆல்டர் பண்ணின வண்டியில் கியர்பாக்ஸ் செத்துப்போச்சுங்கறது உண்மையா இருக்கலாம். ஆனா கொலைகாரன் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே நிக்கிறான். அவனைப் பிடிக்காம பெட்டியை மட்டும் மாத்தினா, அடுத்த பெட்டிக்கும் அதே கதிதான்.

உள்ளே என்னதான் நடக்குது?

இந்த கமாரோவில் இருக்குற ஆட்டோமேட்டிக் பெட்டிக்குப் பேர் ‘4எல்60-இ’. முன்னால் போக 4 கியர். ‘எல்’னா வண்டியோட நீளவாக்கில் பொருத்தினது, 60 எடை வகை, ‘இ’ எலெக்ட்ரானிக்.

எதிரெதிரா இரண்டு ஃபேனை வெச்சு, ஒண்ணை மட்டும் ஓட விட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் இல்லையா? காத்துக்குப் பதிலா ஆயில். அதுதான் டார்க் கன்வர்ட்டர். நம்ம கால் மிதிக்கிற கிளட்ச் வேலையை இது பார்த்துக்குது. அதுக்குப் பின்னால் பல்சக்கரக் கூட்டம். எந்தச் சக்கரத்தைச் சுத்த விடுறோம், எதைப் பிடிச்சு நிறுத்துறோம்ங்கறதைப் பொறுத்துத்தான் கியர். பிடிக்கிற வேலைக்கு கிளட்ச் பிளேட் அடுக்குகளும், பெல்ட் மாதிரி ஒரு பட்டையும் இருக்கு. அவற்றை அழுத்திப் பிடிக்க வைக்கிறது ஆயில் பிரஷர். ஆயிலை எந்தப் பக்கம் அனுப்புறது, எவ்வளவு பிரஷரில் அனுப்புறதுன்னு கம்ப்யூட்டர் சோலனாய்டுகள் வழியா ஆர்டர் போடுது. இந்த ஆர்டர், பிரஷர் இரண்டையும் மனசுல வெச்சுக்கோங்க. கதையே அங்கதான்.

அஞ்சு ரூபாய் ஃப்யூஸா, அஞ்சு இலக்க பில்லா?

வண்டி கிளம்பும்போதே சோம்பேறித்தனமா நகருது, கியரே மாறல, ரிவர்ஸ் போட்டா ‘டம்’முன்னு உதைக்குதுன்னா சந்தோஷப்படுங்க. அது பெரும்பாலும் கரன்ட் பிரச்னை. ஏன்னா இந்தப் பெட்டியில் கியர் மாத்துற இரண்டு சோலனாய்டுக்கும் கரன்ட் வரலைன்னா, அது தானாவே மூணாவது கியருக்குப் போய் உட்கார்ந்துக்கும். பிரஷர் சோலனாய்டு அதைவிடக் கெட்டிக்காரத்தனமா இருக்கு: கரன்ட் அதிகமானா பிரஷர் குறையும், கரன்ட்டே இல்லைன்னா பிரஷர் உச்சத்துக்குப் போகும். ஒயர் அறுந்தாலும் கிளட்ச் வழுக்கி எரியாம வீட்டுக்குப் போய்ச் சேரணும்னு யோசிச்சு வெச்ச ஏற்பாடு. அந்த உதை அதனால்தான்.

ஆல்டர் பண்ணின கமாரோவில் ஒயர் ஏன் போகணும்? புகையைச் சீக்கிரம் வெளியேத்த நீளமான எக்ஸாஸ்ட் குழாய் மாட்டியிருப்பாங்க. அது கியர்பாக்ஸ் பக்கத்துலயே போகும். அந்தச் சூட்டில் பக்கத்துல இருக்குற ஒயர் உருகி ஒண்ணோடொண்ணு ஒட்டி, ஃப்யூஸைத் தின்னுடும். ஃப்யூஸைப் பாருங்க, அப்புறம் கீழே படுத்து ஒயரைப் பாருங்க. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விக்கிற கார்கள்ல டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாக்கெட் கட்டாயம். அதில் ஸ்கேனரைச் சொருகினா பழுதுக் குறியீடு வரும். பி0753, பி0758னு வந்தா கியர் மாத்துற சோலனாய்டு சர்க்யூட். மீட்டர் வெச்சு அளந்தா ஒவ்வொண்ணும் 20-லிருந்து 30 ஓம்ஸ் காட்டணும். இவ்வளவுக்கும் பெட்டியை இறக்கத் தேவையே இல்லை.

ஆயில் பார்க்குறதும் ஒரு கலை. இன்ஜின் ஆயில் மாதிரி வண்டியை நிறுத்திட்டுப் பார்க்கக் கூடாது. சமதரையில், சூடான வண்டியில், இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போது, ‘பார்க்’கில் போட்டுப் பார்க்கணும். சிவப்பா இருந்தா ஓகே. கருத்து, தீய்ஞ்ச வாடை அடிச்சா கிளட்ச் பிளேட் எரிஞ்சிருக்கு. ரோஸ்மில்க் கலர்ல இருந்தா? குடிச்சுப் பார்க்காதீங்க! ரேடியேட்டருக்குள்ள இருக்குற ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கு. கிளட்ச் பிளேட்ல இருக்குற பசையைத் தண்ணி இளக்கிடும். அந்த நிலைமையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாம இறக்கிடுறதுதான் நல்லது.

எந்த கியர் போச்சு? லிஸ்ட் சொல்லு!

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே எது உடைஞ்சிருக்குன்னு சொல்லலாம். சுடோகு போட்டுப் பழகினவங்களுக்கு இது ஜுஜுபி.

ஒரே பாகம் பல கியர்கள்ல வேலை செய்யும். அதனால் எந்தெந்த கியர் சேர்ந்து காணாமப் போகுதுன்னு பார்த்தா போதும். முதல், இரண்டாவது, ரிவர்ஸ் மூணும் நல்லா இருக்கு, மூணும் நாலும் மட்டும் இல்லைன்னா ‘3-4 கிளட்ச்’ எரிஞ்சிருக்கு. இந்தப் பெட்டியோட பிரபலமான பலவீனம் இதுதான். நாம மேலே பார்த்த சீனும் இதேதான்.

இப்ப வேற மாதிரி. ஒண்ணும் மூணும் இருக்கு. இரண்டு, நாலு, ரிவர்ஸ் மூணையும் காணோம். ‘சன் ஷெல்’னு மணி மாதிரி ஒரு பாகம் இருக்கு. அது உடைஞ்சா, இல்ல அதோட பற்கள் வழிஞ்சு போனா, இந்த மூணும் ஒண்ணா போகும். பொறுங்க... இரண்டும் நாலும் இல்ல, ஆனா ரிவர்ஸ் மட்டும் கம்பீரமா வேலை செய்யுதா? அப்ப ஷெல் பாவம், அது நிரபராதி. பிடிக்க வேண்டிய பட்டையோ, பட்டையை இறுக்குற பிஸ்டனோதான் குற்றவாளி. ஒரே ஒரு ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பார்த்து இரண்டு பழுதையும் பிரிச்சுட்டோம், பார்த்தீங்களா!

ஒர்க்‌ஷாப்காரர் “மொத்தமா போச்சு”ன்னு சொல்லும்போது, “எந்த எந்த கியர் இல்லண்ணே?”ன்னு கேளுங்க. அவர் பதில் சொல்ற விதத்திலேயே ஆளை எடை போட்டுடலாம்.

கம்ப்யூட்டருக்குச் சொன்ன பொய்

சரி, 3-4 கிளட்ச்தான் எரிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு. ஏன் எரிஞ்சது? இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

“பவரை ஏத்தினா எரியத்தானே செய்யும்”னு நீங்க சொல்லலாம். அதுவும் நிஜம். இந்தப் பெட்டிக்கு இன்ஜினிலிருந்து வரலாம்னு வெச்ச அளவு சுமார் 360 பவுண்டு-அடி டார்க். 1998 இஸட்28 இன்ஜின் கொடுக்கிறதே 335. மிச்சம் எவ்வளவு இருக்குன்னு நீங்களே பார்த்துக்கோங்க. சூப்பர்சார்ஜர் மாட்டினா கணக்கு அன்னிக்கே முடிஞ்சுது. ஆனா சின்னச் சின்ன மாற்றம் மட்டும் செஞ்ச வண்டியிலும் கிளட்ச் எரியுது. காரணம் இதைவிட நைஸானது.

கிளட்சை எவ்வளவு பிரஷரில் அழுத்தணும்னு கம்ப்யூட்டர் எப்படி முடிவு பண்ணுது? இன்ஜினுக்குள்ள போற காத்தை ஒரு சென்ஸார் அளக்குது. அதை வெச்சு ‘இன்ஜின் இப்ப இவ்வளவு டார்க் தருது’ன்னு கணக்குப் போட்டு, அதுக்கேத்த ஆயில் பிரஷரை வைக்குது. சும்மா நிக்கும்போது சுமார் 60 பிஎஸ்ஐ, முழு மூச்சில் 170-க்கு மேல.

இப்ப ஒருத்தர் பெரிய இன்ஜெக்டர் மாட்டுறார். பெட்ரோல் அதிகமா கொட்டுது. முறையா டியூன் பண்ணாம குறுக்கு வழியா, காத்து சென்ஸார் சிக்னலைக் குறைச்சுக் காட்டுற ஒரு பெட்டியை நடுவுல சொருகிடுறார். ‘காத்து கம்மியாத்தான் வருது’ன்னு நம்பி கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் குறைக்குது. இன்ஜின் சூப்பரா ஓடுது, நண்பர் காலரைத் தூக்கி விட்டுக்கிறார். ஆனா அதே பொய்யை நம்பித்தான் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸ் பிரஷரையும் குறைக்குது! நிஜத்தில் இன்ஜின் முழு பலத்தோட முறுக்குது, கிளட்ச் பாதி பலத்தோட பிடிக்குது. வழுக்காம என்ன செய்யும்? வழுக்கினா சூடு, சூடானா எரியும். சென்ஸாருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ரப்பர் குழாய் லூஸாகி, அளக்காத காத்து உள்ளே புகுந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

இதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி பிரஷர் கேஜ் மாட்டலாம். கம்ப்யூட்டர் கேக்குற பிரஷரை ஸ்கேனரில் பாருங்க, நிஜமா வர்றதை கேஜில் பாருங்க. கேட்டது அதிகம், வந்தது கம்மின்னா பம்ப், வால்வு, ஃபில்டர்னு பெட்டிக்குள்ள கோளாறு. கேட்டதே கம்மின்னா, பெட்டி மேல பழி போடாம டியூன் பண்ணின ஆளைத் தேடுங்க.

நோயே இல்லாத நோயாளி

சில வண்டிக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. பின் ஆக்ஸில்ல 2.73 பல் விகிதத்துக்குப் பதிலா வேகமா கிளம்பணும்னு 3.73 போடுறாங்க. கம்ப்யூட்டர்ல அதைச் சொல்ல மறந்துடுறாங்க. வண்டி நிஜமா 100 கி.மீ. வேகத்தில் போனா, கம்ப்யூட்டர் 137னு நினைக்கும். அதனால் கியர் எல்லாம் அவசர அவசரமா மாறும், வண்டி இழுக்காது. “கியர்பாக்ஸ் அவுட்”னு புலம்புவாங்க. தேவை ஒரே ஒரு நம்பர் திருத்தம்.

நீங்களே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 275/40, 17 இன்ச் டயர், 3.73 ஆக்ஸில். நாலாவது கியரோட விகிதம் 0.70. டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகி, ஜிபிஎஸ்படி 100 கி.மீ. வேகத்தில் போகும்போது இன்ஜின் சுமார் 2,125 ஆர்பிஎம் சுத்தணும். மீட்டர் 2,500 காட்டினா லாக் ஆகல, இல்ல வழுக்குது. ஸ்கேனரில் பி1870 வருதான்னு பாருங்க. சூடானதும் இரண்டாவது கியர் ‘தட்’டுன்னு விழுறதும் இதோட சேர்ந்து வரும். அதுக்கு வழக்கமான காரணம், லாக்கைக் கட்டுப்படுத்துற வால்வு ஓடி ஓடி அலுமினியத் துளை தேய்ஞ்சு போறது. வால்வு பாடியை மட்டும் சரி பண்ணினா முடியக்கூடிய வேலை.

அதே வேகத்தில் வண்டி அதிருதா? டிராஃபிக் இல்லாத ரோட்டில் ஆக்சிலரேட்டரை எடுக்காம, பிரேக்கை லேசா தொடுங்க. தொட்டதும் லாக் விடுபடும். அதிர்வு நின்னா கன்வர்ட்டர். நிக்கலைன்னா ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்க.

ஒரு விஷயம்: நம்ம ஊரில் 2014-ல் மாருதி செலேரியோ வந்த பிறகு பரவின ஏஎம்டி கார் வெச்சிருக்கிறவங்க இதையெல்லாம் முயற்சி பண்ண வேண்டாம். அது சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாத்துற வேலையையும் ஒரு மெஷின் செய்யுது, அவ்வளவே. டார்க் கன்வர்ட்டரே கிடையாது.

எல்லாம் பார்த்து, பெட்டியைப் பிரிச்சே ஆகணும்னு முடிவாகுதா? பிரிச்சுக்கோங்க. ஆனா பில்லில் ஒரு வரி இருக்கான்னு பாருங்க: ஆயில் கூலரையும் அதோட குழாய்களையும் கழுவினது, இல்ல மாத்தினது. பழைய கிளட்ச் எரிஞ்ச கரித்தூள் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். கழுவாம விட்டா, புதுப் பெட்டியோட முதல் ஓட்டத்திலேயே உள்ளே போய் உட்கார்ந்துடும்.