எண்ணெய் எங்கே ஒதுங்கிற்று?

தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நின்று, மீன்பிடி விசைப்படகு உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? மணல் மேடிட்ட இடத்தில் அலை உடையும். படகு ஒரு பக்கம் சாய்ந்து, எழுந்து, மறுபக்கம் சாயும். அந்த வேளையில் என்ஜின் நின்றுபோனால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அப்புறம் ஆட்களின் உயிருக்கே உறுதியில்லை. படகு சாயும்போதெல்லாம் என்ஜினின் அடியிலுள்ள எண்ணெயும் ஒரு பக்கம் ஒதுங்கத்தான் செய்கிறது. இருந்தும் என்ஜின் எண்ணெயின்றித் தவிப்பதில்லை. ஆனால் சமதரையில், ஏறக்குறையச் சாயாமலே ஓடும் பந்தயக் கார், ஒரு நீண்ட வளைவில் எண்ணெயின்றித் தவித்து என்ஜினையே பறிகொடுப்பது உண்டு. இது எப்படி?

முதலில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று காண்போம். சாதாரண என்ஜினின் அடியில் ஒரு தட்டு இருக்கும். அதைச் 'சம்ப்' என்பார்கள். அதில் தேங்கிய எண்ணெயை ஒரு பம்பு உறிஞ்சி, கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு அழுத்தத்துடன் அனுப்புகிறது. ஓடும் என்ஜினில் தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. தலைமயிரின் தடிமன்கூட இல்லாத எண்ணெய்ப் படலத்தின்மேல் தண்டு மிதக்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. வளைவில் 3 நொடி எண்ணெய் வராவிட்டால், படலம் நலிந்த நிலையில் தண்டு 300 முறை சுற்றிவிடும். பேரிங் சூடேறி, உருகி, தண்டோடு ஒட்டிக்கொள்ள அதுவே போதும்.

பேருந்து வேகமாகத் திரும்பும்போது கையிலுள்ள தூக்குப் பாத்திரத்தில் பால் ஒரு பக்கம் ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். பாத்திரம் நேராகத்தான் இருக்கிறது. பாலுக்குத்தான் 'கீழ்' என்னும் திசை மாறிவிட்டது. வளைவின் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்புக்குச் சமமானால், திரவத்தின் மேற்பரப்பு 45 டிகிரி சாயும். நல்ல டயர் பூட்டிய பந்தயக் காருக்கு இது எளிது.

ஒரு கணக்குப் போடுவோம். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எண்ணெய் இருப்பதாகக் கொள்வோம். 45 டிகிரியில் அவ்வளவு எண்ணெயும் முக்கோணமாக ஒரு சுவரில் 20 சென்டிமீட்டர் உயரம் ஏறிவிடும். தட்டின் நடுப்பகுதி வறண்டுவிடும். நடுவில் உறிஞ்சுகுழாய் இருந்தால் அது காற்றைத்தான் குடிக்கும். கப்பல்களின் முதன்மை என்ஜின்கள் பக்கவாட்டில் 22½ டிகிரி உருளும்போதும் இயங்க வேண்டும் என்பது கப்பல் வகைப்பாட்டுக் கழகங்களின் விதி. அதே தட்டை அந்த அளவு சாய்த்துப் பாருங்கள்: நடுவில் இன்னும் 4½ சென்டிமீட்டர் எண்ணெய் நிற்கும். மேலும், படகு ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே மறுபக்கம் வந்துவிடும். வளைவில் ஓடும் காரோ எண்ணெயைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே போகிறது.

மோட்டார் சைக்கிள் மட்டும் எப்படித் தப்புகிறது? அது வளைவில் சாய்கிறது. சாய்வதால் எண்ணெய் உணரும் 'கீழ்' எப்போதும் வண்டியின் அடிப்பக்கமாகவே இருக்கிறது. தண்ணீர் வாளியைத் தலைக்குமேல் சுழற்றினாலும் சிந்தாத கதைதான். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 'ஃபார்முலா பாரத்' போட்டிக்குக் கார் கட்டி வரும் கல்லூரி மாணவர்களுக்கு இங்கேதான் ஒரு பொறி காத்திருக்கிறது. சிறிய, வேகமான என்ஜின் வேண்டுமென்று மோட்டார் சைக்கிள் என்ஜினைக் காரில் பூட்டுகிறார்கள். சாய்ந்தே பழகிய என்ஜின், சாயாத வண்டியில் முதல் வளைவிலேயே தாகத்தால் தவிக்கிறது.

இதற்கு வழி, எண்ணெயை என்ஜினின் அடியில் தேங்கவிடாமல் இருப்பது. அதுவே 'டிரை சம்ப்' முறை; உலர் தட்டு எனலாம். படகுக்குள் புகும் நீரை இறைத்துக்கொண்டே இருப்பதுபோல, தட்டில் வடியும் எண்ணெயை இறைப்பு பம்புகள் உடனுக்குடன் வாரித் தனித் தொட்டியில் கொட்டுகின்றன. அங்கிருந்து ஊட்டு பம்பு பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. தட்டு ஆழமற்றதாகிவிடுவதால் என்ஜினை இன்னும் தாழ்த்திப் பூட்டலாம். சுழலும் தண்டு எண்ணெயில் அடிபட்டுச் சக்தியை இழப்பதும் குறைகிறது.

இது நமக்குப் புதிதல்ல. 1955-இல் தொடங்கிய சென்னை என்ஃபீல்டு இந்தியாவின் பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில் இருந்தது இம்முறையே. அதில் தொட்டி தனியாகத் தொங்காது. என்ஜின் கூட்டுக்குள்ளேயே ஓர் அறையாக இருக்கும். ஊட்ட ஒரு பம்பு, இறைக்க ஒரு பம்பு. சாயும் வண்டிக்கு இது ஏன் என்று கேட்கலாம். கனமான பறக்கும் சக்கரங்கள் கூட்டை அடைத்துக்கொண்டிருக்க, அவை எண்ணெயில் மூழ்கிச் சுழலக் கூடாதல்லவா?

இம்முறையைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் பம்பை முதலில் வாங்கிவிட்டு, எஞ்சிய மூலையில் தொட்டியைத் திணிக்கிறார்கள். என் கருத்தில் இது தலைகீழ். தொட்டியே இம்முறையின் உயிர். அது ஒடுங்கியதாயும், அகலத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாத உயரமுடையதாயும் இருக்க வேண்டும். 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் ஊற்றினால் 6 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். அதே 45 டிகிரி வளைவில் தாழ்ந்த ஓரத்திலும் 16 சென்டிமீட்டர் எண்ணெய் நிற்கும்! அடியிலுள்ள வாய் திறந்துபோக வழியே இல்லை. திரும்பி வரும் எண்ணெய் பாதி நுரை. அதை மேலே சுவரோரமாகச் சுழன்று இறங்கும்படி விட்டால், கனமான எண்ணெய் சுவரில் ஒட்டிக் கீழே வழியும். காற்று நடுவே பிரிந்து மேற்குழாய் வழியே வெளியேறும். தொட்டியின் மேல் பாதிக்குச் சற்றுக் குறைவான இடத்தை இதற்கென்றே காலியாக விட வேண்டும்.

நுரையையும் சேர்த்து வார வேண்டியிருப்பதால், இறைப்பு பம்புகளின் மொத்தக் கொள்ளளவு ஊட்டு பம்பைவிட ஏறத்தாழ இரு மடங்காவது இருக்க வேண்டும். ஒரே பெரிய இறைப்பு பம்பு போதாது. அதன் ஒரு வாய் வறண்டால் எல்லாக் காற்றும் அவ்வழியே வந்துவிடும். மற்ற வாயிலுள்ள எண்ணெய் அசையாது. ஆகவே ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பம்பு. வாய்களை எங்கே வைப்பது? இடப்பக்கம் திரும்பினால் எண்ணெய் வலப்பக்கம் ஒதுங்கும். முடுக்கினால் பின்னே, பிரேக் பிடித்தால் முன்னே போகும். உங்கள் ஓடுதளத்தின் வளைவுகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பம்பைப் பற்சக்கர வாரால் என்ஜின் வேகத்தில் பாதியளவில் ஓட்டுவது வழக்கம். தொட்டியிலிருந்து ஊட்டு பம்புக்கு வரும் குழாய் தடித்ததாயும், குறுகியதாயும், முடிச்சு வளைவு இல்லாததாயும் இருக்கட்டும். பெரிய கார் என்ஜினுக்கு 19 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அடி பம்பைவிட உயரத்தில் இருந்தால் எண்ணெய் தானே இறங்கி வரும். வடிகட்டியை ஊட்டு பம்புக்குப் பின்னால்தான் பூட்ட வேண்டும். முன்னால் பூட்டினால் பம்பின் கழுத்தை நெரித்ததாகும். இறைப்பு வாய்களுக்குக் கண்ணிவலை மட்டும் போதும். அதைக் கழற்றிப் பார்க்கையில் சிக்கியிருக்கும் உலோகத் துணுக்குகள் என்ஜினின் உடல்நலத்தை முன்கூட்டியே சொல்லிவிடும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யுமுன் வாரைக் கழற்றி, பம்பை ஒரு டிரில்லிங் மெஷினால் உரிய திசையில் சுற்றுங்கள். அழுத்தமானியின் முள் எழுந்து நின்றபின்தான் என்ஜினைத் தொடலாம். 1,000 சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் என்பது பட்டறைகளின் பழைய கைக்கணக்கு. எண்ணெய் அளவை என்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதோ, நிறுத்திய உடனேயோ தொட்டியில் பாருங்கள். மறுநாள் காலை பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஏனென்றால், தொட்டி மேலே இருந்தால் இரவில் எண்ணெய் பம்பின் இடுக்குகள் வழியே மெல்லக் கசிந்து தட்டில் இறங்கிவிடும். பல நாள் நின்ற பழைய புல்லட் ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை கக்குவது இதனால்தான். வட்ட அமைப்பு என்ஜின் கொண்ட விமானங்களில் எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களிலும் தேங்கிவிடும். அதனால் புறப்படுமுன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். கசிவைத் தடுக்கச் சிலர் தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே ஒரு அடைப்பு வால்வு வைக்கிறார்கள். வைக்கலாம், ஆனால் அவசரத்தில் அதைத் திறக்க மறந்தால் அரை நிமிடத்தில் என்ஜின் போய்விடும். வால்வு திறந்தாலன்றி ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாதபடி ஒரு சுவிட்சையும் அதோடு இணைத்துவிடுங்கள்.