பயறு வண்டு வயலிலிருந்தே வருகிறது

உலகிலேயே பயறு வகைகளை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. ஆயினும் நம் தேவைக்குப் போதாமல் வெளிநாடுகளிலிருந்தும் பருப்பு வாங்கி வருகிறோம். இந்நிலையில், பாடுபட்டு விளைவித்த பயறு வீட்டுப் பானையிலும் கடை மூட்டையிலும் மாவாகி வீணாவது பெரும் இழப்பாகும்.

ஒரு முறை கிராமப் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது, ஓர் அம்மையார் தட்டைப்பயறு வைத்திருந்த பானையைக் கொண்டுவந்து காட்டினார். அடுத்த பட்டத்துக்கு விதை, வீட்டுக்குக் குழம்பு இரண்டுக்கும் அதுதான். பானையின் வாயைத் துணியால் கட்டிச் சாணத்தால் மெழுகியிருந்தார். உள்ளே முக்கால் பங்குப் பயறு ஓட்டை. "ஐயா, எறும்பு நுழையக்கூட வழியில்லையே, வண்டு எப்படிப் புகுந்தது?" என்று கேட்டார். அந்த வண்டு வயலிலிருந்து பயற்றோடு சேர்ந்தே வந்தது என்று விளக்கினேன்.

வண்டின் வாழ்க்கை

செடியில் காய்கள் முற்றிக் காயும்போதே பயறு வண்டு பறந்து வந்து காய்களின் மேல் முட்டையிடுகிறது. வீட்டில் சேமித்த பயற்றின் மேலும் முட்டையிடும். பயற்றின் தோலில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிபவை இம்முட்டைகளே. முட்டையிலிருந்து வரும் புழு நேரே பயற்றைத் துளைத்து, உள்ளிருந்தபடியே பருப்பைத் தின்று வளர்கிறது. சுமார் ஒரு மாதத்தில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளிவருகிறது. எனவே ஓட்டை கண்ணில் படும்போது சேதம் முடிந்திருக்கும்.

ஒரு பெண் வண்டு ஏறத்தாழ 80 முட்டைகள் இடும். அவை யாவும் பிழைத்து, அவற்றில் பாதி பெண் வண்டுகள் என்று கொண்டால், அடுத்த தலைமுறையில் 3,200 வண்டுகள் ஆகிவிடும். ஆகவே அறுவடை முடிந்த முதல் சில நாட்களிலேயே பாதுகாப்பு வேலையை முடித்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. முற்றிய காய்களைச் செடியிலேயே காயவிடாமல் காலத்தில் அறுவடை செய்யவும்.

2. ஈரப்பதம் 10 சதவிகிதத்துக்குக் குறையும் வரை பயற்றை வெயிலில் காயவைக்கவும். பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். சூடு ஆறிய பின்னரே சேமிக்கவும்.

3. பழைய சாக்குகளைக் கொதிநீரில் முக்கி, நன்கு உலர்த்திப் பயன்படுத்தவும். பானை, டின் ஆகியவற்றில் பழைய பயறு ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது.

4. உணவுக்கானதைப் பருப்பாக உடைத்து வைத்தால் தாக்குதல் குறையும். முழுப் பயறாக வைப்பதானால், கிலோவுக்கு 5 மில்லி சமையல் எண்ணெய் விட்டுப் பிசறி வைக்கலாம். எண்ணெய்ப் படலத்தால் முட்டைகள் மூச்சடைத்து அழியும்.

5. விதைப் பயறு 100 கிலோவுக்கு 1 கிலோ ஆக்டிவேட்டட் களிமண் தூள் கலக்கவும். இத்தூள் பட்ட வண்டு உடலின் நீர் வற்றி மடியும்.

6. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ள பொறியைப் பயற்றுக்குள் செருகி வைத்தால், அலைந்து திரியும் வண்டுகள் அதில் விழும். அதனால் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

கடைக்காரர்கள் கவனத்திற்கு

மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் மரச் சட்டங்களின் மேல் அடுக்கவும். முதலில் வந்த சரக்கை முதலில் விற்கவும். வண்டு பிடித்த மூட்டையை உடனே பிரித்து வைக்கவும். மற்ற மூட்டைகளுக்கு வண்டு பறந்து போய்விடும்.

எச்சரிக்கை

உணவுப் பயற்றில் பூச்சிமருந்துத் தூள் கலக்கவே கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைத்திருப்பதும் ஆபத்து. அதிலிருந்து வரும் நச்சு வாயு, வண்டோடு பக்கத்தில் உறங்கும் மனிதரையும் கொன்றுவிடும்.

இம்முறைகளுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அறுவடை முடிந்தவுடன் செய்துவிட்டால் அடுத்த பட்டத்துக்கு விதையும், வீட்டுக்குப் பருப்பும் சேதமின்றிக் கிடைக்கும்.