கிறித்தவ வழிபாட்டில் இசையின் பயன்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. அம்மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழருள் கிறித்தவரும் உண்டு. எழுத்தறியும் வாய்ப்புப் பெறாத தோட்டத் தொழிலாளர்க்கு மனப்பாடமான பாட்டே வேதநூலாகும். இவ்வாறு நோக்குங்கால், வழிபாட்டிற்கு இசை அணியா, உறுப்பா என்னும் வினா எழுகின்றது.

கொலோசெயர்க்கு எழுதிய திருமுகத்தில் பவுல், பாடுதலைக் கற்பித்தலோடும் அறிவுறுத்தலோடும் சேர்த்தே கூறினார். ஆகவே, பாட்டு இறைவனைப் புகழ்வது மட்டுமன்று. பாடுவோர் ஒருவர்க்கொருவர் வழங்கும் போதனையும் ஆகும். பாட்டின் பொருளினும் குரலினிமையே தம்மை மிகுதியும் ஈர்க்குமாயின் அது குற்றமே என்று அகஸ்தீன் அடிகள் வருந்தினார். ஆயினும், திருச்சபையில் பாடும் வழக்கத்தை அவர் விலக்கவில்லை. இனிமை வேண்டும், அது பொருளுக்கு ஏவல் செய்ய வேண்டும் என்பதே இதன் கருத்து.

தமிழகத்தில் இக்கருத்து எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதைக் காண்போம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு காலந்தொட்டு, செருமானியப் பாட்டுகள் தமிழாக்கப்பெற்று அந்நாட்டு மெட்டுகளிலேயே பாடப்பெற்றன. இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. ‘படு’ வேறு, ‘பாடு’ வேறு. அயல்மெட்டு குறிலை நீட்டி நெடிலைக் குறுக்குமிடத்தில், செவிக்கு ஓசை எட்டும். உள்ளத்திற்குப் பொருள் எட்டாது.

சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) இராகமும் தாளமும் அமைந்த கீர்த்தனைகளை இயற்றினார். அவற்றைப் பெரும்பகுதியாகக் கொண்ட தொகுப்பை, மதுரையில் பணியாற்றிய அமெரிக்கத் தொண்டர் எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்டார். கீர்த்தனையின் அமைப்பே சபைக்கு உதவுவது. சரணங்களை ஒருவர் பாடப் பல்லவியை அனைவரும் திரும்பப் பாடலாம். ஏடு பார்க்க இயலாதவரும் இரண்டாம் முறையே பாட்டில் கலந்துவிடுவர்.

எனினும், கருநாடக இசையும் கற்றார் சிலர்க்கே எளிதன்றோ என்று ஒருவர் வினவினார். அவர், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த, ‘பறட்டை’ எனப் புனைபெயர் பூண்ட தியாபிலஸ் அப்பாவு (1940–2005). ஒடுக்கப்பட்டோர் வழிபாட்டில் தம் குரலிலேயே பாடுதல் வேண்டும் என்று கருதி, நாட்டுப்புற மெட்டுகளில் பாடல்கள் அமைத்தார். வயலிலும் தோட்டத்திலும் பாடிய நாவுக்கு அம்மெட்டுகளைப் புதிதாகப் பயிற்ற வேண்டுவதில்லை.

மூன்று நூற்றாண்டுகளில் மெட்டு மாறிற்று, நோக்கம் மாறவில்லை. பாடகர் எத்துணை இனிமையாகப் பாடினார் என்பது வழிபாட்டிசைக்கு உரைகல் அன்று. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தொழிலாளி பொருளுணர்ந்து வாய்திறந்து பாடினாரா என்பதே உரைகல்லாம்.