காட்டுப் பாதையில் ஓடும் பெண்களுக்கு ஏற்ற காலணி

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை செல்லும் மின்சார ரயில் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் வரும் நிலையம் தடா. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பத்தாரில் பலருக்குத் தடா என்றதும் அருவிதான் நினைவுக்கு வரும். நிலையத்திலிருந்து மேற்கே வரதய்யபாளையம் வழியாக மலையடிவாரம் சென்றால் உப்பலமடுகு அருவிக்குப் போகும் காட்டுப் பாதை தொடங்குகிறது. கொஞ்ச தூரம் மண், அப்புறம் உருண்டைக் கற்கள், இடையிடையே ஓடை, கடைசியில் பாசி படிந்த வழுக்குப் பாறை என்று காலைச் சோதிக்கும் எல்லாமே அங்கு உண்டு.

பலரும் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. இதே தடா மண்டலத்தில் மாம்பட்டு என்ற கிராமத்தில் அப்பாச்சி நிறுவனத்தின் ஷூ தொழிற்சாலை இருக்கிறது. அடிடாஸ் நிறுவனத்திற்காக ஷூக்கள் தயாரிக்கும் இடம் அது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாம் வெளியூர்க் கடையில் விலை கொடுத்து வாங்கும் ஷூவின் தையல், நம் ஊருக்குப் பக்கத்துப் பெண் ஒருத்தி போட்டதாகவும் இருக்கலாம்!

இதையெல்லாம் எழுதக் காரணம், நம் சங்கத்துப் பெண்களிடையே இப்போது பரவியிருக்கும் நெடுந்தூர ஓட்டப் பழக்கம். பூங்காவில் நடக்கத் தொடங்கியவர்கள் இன்று மலைப் பாதையில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓடுகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய விஷயந்தான். ஆனால் சென்ற குளிர்காலத்தில் மட்டும் எனக்குத் தெரிந்த இரு சகோதரிகள் கணுக்கால் பிசகி வாரக்கணக்கில் வீட்டில் கிடந்தார்கள். இருவரும் அணிந்திருந்தது விலை உயர்ந்த, பஞ்சு போல் மெத்தென்ற ஷூ. கடையில் காலை நுழைத்தவுடன் "ஆகா, எவ்வளவு மிருது!" என்று வாங்கியது. மிருது வேறு, சுகம் வேறு, உறுதி வேறு என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ரயில்வேயில் தண்டவாளத்திற்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் இடையே ஒரு ரப்பர் தகடு வைப்போம். அதற்கு 'ரப்பர் சோல் பிளேட்' என்றே பெயர். கனம் ஆறு மில்லிமீட்டர்தான். அதிர்வைத் தாங்கத்தானே ரப்பர், இரண்டு அங்குலமாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். அப்படிப் போட்டால் சக்கரம் பக்கவாட்டில் தள்ளும்போதெல்லாம் தண்டவாளம் புரண்டு கொடுக்கும். அதிர்வு குறையும், ஆனால் பிடிமானம் போய்விடும். ஷூவின் மிட்சோல் எனப்படும் நடு அடுக்கும் இதே கதைதான்.

சின்னக் கணக்கு ஒன்று. உங்கள் கால் பத்து டிகிரி சாய்ந்த ஒரு கல்லின் மேல் விழுகிறது என்று வையுங்கள். குதிகாலுக்கும் தரைக்கும் இடையே ஷூவின் உயரம் 40 மி.மீ. என்றால், குதிகால் பக்கவாட்டில் சுமார் 7 மி.மீ. நகர்ந்துவிடும். உயரம் 25 மி.மீ. என்றால் நகர்வது நாலரை மி.மீ.க்கும் குறைவு. வித்தியாசம் இரண்டரை மி.மீ.தான், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் களைத்துப்போன கணுக்காலுக்கு, இருபதாவது கிலோமீட்டரில், ஆயிரக்கணக்கான அடிகளில் அது திரும்பத் திரும்ப நடக்கிறது. அதோடு நடு அடுக்கு மிருதுவாகவும் இருந்தால், சாய்ந்த பக்கம் இன்னும் அமுங்கி, சாய்வு பத்திலிருந்து பதின்மூன்று, பதினான்கு டிகிரியாகிவிடும்.

உயரமான ஷூ எல்லாம் ஆகாது என்று நான் சொல்லவில்லை. உயரம் கூடினால் அடிப்பாகத்தின் அகலமும் கூட வேண்டும். ஹோகா போன்ற நிறுவனங்கள் கனத்த அடிப்பாகத்தை அகலமாக விரித்து, காலைச் சற்றுக் குழிவாக உள்ளே உட்கார வைப்பது இதற்காகத்தான். கடையில் ஷூவை மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். தரையைத் தொடும் பகுதி மேல்பகுதியைவிட அகலமாக இருக்க வேண்டும். சுண்டு விரல் பக்கம் மேல்துணி அடிப்பாகத்தைத் தாண்டிப் பிதுங்கினால் அந்த ஷூ காட்டுப் பாதைக்கு ஆகாது. பிறகு ஒரு கையால் குதிகாலையும் மறு கையால் முனையையும் பிடித்து, ஈரத் துண்டைப் பிழிவது போல் முறுக்கிப் பாருங்கள். ஓரளவு எதிர்த்து நிற்க வேண்டும். வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் ஒடியக் கூடாது. குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியை இரு விரலால் அழுத்தினால் உடனே ஒட்டிக்கொள்ளாமல் நிற்க வேண்டும்.

இனிப் பெண்களுக்கு என்று தனியாக என்ன இருக்கிறது என்ற கேள்வி. ஷூ தைப்பதற்கு முதலில் 'லாஸ்ட்' எனப்படும் கால் அச்சு வேண்டும். வெகு காலம் பல நிறுவனங்கள் ஆண்களின் அச்சையே சிறிதாக்கி, நிறத்தை மட்டும் மாற்றி, பெண்கள் ஷூ என்று விற்றன. ஆனால் பெண்ணின் பாதம் சிறிதாக்கப்பட்ட ஆண் பாதம் அன்று. முன்பாதத்தோடு ஒப்பிடுகையில் பெண்களின் குதிகால் ஒடுக்கம். ஆகவே முன்னால் சரியாக இருக்கும் ஷூ பின்னால் தளர்ந்து குதிகால் ஏறி இறங்கும். பின்னால் பிடித்தால் முன்னால் விரல் நசுங்கும். பெண்களுக்கென்றே செய்த நல்ல அச்சு இந்த இரண்டையும் ஒருங்கே சரி செய்கிறது.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். பிள்ளைப் பருவத்தில் வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்தவர்களுக்கு விரல்கள் விரிந்தே இருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலுடன் நடந்து பழகியவர்களைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையும், அவர்களுடைய முன்பாதம் ஷூ அணிந்து வளர்ந்தவர்களுடையதைவிட அகலம் என்றே சொல்கிறது. அமெரிக்கக் கணக்கில் பெண்கள் ஷூவின் வழக்கமான அகலம் 'பி', ஆண்களுடையது 'டி'. ஆகவே அகலப் பாதம் உடைய சகோதரிகள் பெண்கள் பிரிவிலேயே 'டி' அகலம் கேட்கலாம், அல்லது ஒன்றரை எண் குறைத்து ஆண்கள் ஷூவைப் போட்டுப் பார்க்கலாம். குதிகால் பிடித்தால் தாராளமாக வாங்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆல்ட்ரா என்ற நிறுவனம் முன்பகுதியைப் பாத வடிவிலேயே விரித்துச் செய்கிறது. ஆனால் அதன் ஷூக்கள் பலவற்றில் குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டம். பத்துப் பன்னிரண்டு மி.மீ. குதிகால் உயர்ந்த ஷூவில் பழகியவர் திடீரென்று அதற்கு மாறினால் கெண்டைச் சதையும் குதிகால் நரம்பும் வலிக்கும். சிறு தூரங்களில் தொடங்கிச் சில வாரங்களில் மெதுவாக மாற வேண்டும்.

குழந்தை பெற்ற தாய்மார்கள் திருமணத்திற்கு முந்தைய எண்ணை மறந்துவிடலாம். அயோவா பல்கலைக்கழகத்தார் 49 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோருக்குப் பிரசவத்திற்குப் பிறகும் பாத வளைவு தாழ்ந்து, பாதம் நீண்டே இருந்தது தெரிய வந்தது. ஆகவே புதிதாக அளக்க வேண்டும். ஒரு தாளின் மேல் நின்றபடி, இரு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்க வேண்டும். மாலையில் போவது நல்லது, பகல் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். நெடுந்தூர ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் (பலருக்கு அது கட்டை விரல் அன்று, இரண்டாவது விரல்) ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் கணக்கில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மி.மீ. அளவு. "அம்மாவுக்கு எட்டாம் நம்பர் அனுப்பு" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் சொல்வார்கள். எந்த நாட்டு எட்டு? அமெரிக்கப் பெண்கள் எட்டு என்பது நிறுவனத்திற்கு நிறுவனம் பிரிட்டிஷ் கணக்கில் ஐந்தரையாகவும் இருக்கும், ஆறரையாகவும் இருக்கும். பெட்டியின் மேல் சென்டிமீட்டர் கணக்கும் போட்டிருப்பார்கள். அதைப் பாதத்தின் நீளத்தோடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

கடையில் சமதளத்தில் நடந்து பார்ப்பதால் பயனில்லை. மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முனையில் முட்டினால், மலை இறக்கத்தில் நகம் கறுத்து விழுவது நிச்சயம். முட்டாமல் இருக்க அளவு மட்டும் போதாது, கயிறும் சரியாகக் கட்ட வேண்டும். ஷூவின் மேல் ஓரத்தில் சற்றுத் தள்ளி ஒரு கூடுதல் ஓட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்கு அல்ல. அதே பக்கத்தில் கயிற்றை அதனுள் நுழைத்து ஒரு சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்தினுள் செலுத்தி இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் சென்று உட்காரும். பலர் ஆண்டுக்கணக்கில் ஓடியும் அதைத் தொட்டதே இல்லை. பிறகு ஒற்றைக் காலில் அரை நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு ஜோடிகளில் எதில் கணுக்கால் குறைவாக நடுங்குகிறதோ அது உங்களுடையது. கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் என்ற பேராசிரியர் பல்லாண்டு ஆராய்ந்து, 2015இல் சக ஆய்வாளர்களுடன் எழுதியதும் இதை ஒட்டியதே. பாதத்தின் வகைக்கு என்று விற்கப்படும் ஷூவைவிட, அணிபவருக்குச் சுகமாகத் தோன்றும் ஷூவே காயத்தைக் குறைக்கக்கூடும் என்பது அவர் கருத்து. ஆனால் அந்தச் சுகத்தை நின்ற இடத்தில் பார்க்காமல், ஓடியும் இறங்கியும் பார்க்க வேண்டும் என்பது என் சேர்க்கை.

அடியில் உள்ள ரப்பர் பற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த மண்ணுக்கும் கல்லுக்கும் மூன்று முதல் ஐந்து மி.மீ. ஆழம் போதும். அதற்கு மேல் ஆழமானவை சேற்றுக்கு. பாறையில் அவை வளைந்து தடுமாற வைக்கும். பாசிப் பாறைக்கு எந்த ரப்பரும் உத்தரவாதம் இல்லை, அங்கே ஓடாமல் நடப்பதே வழி.

தண்ணீர் புகாத 'கோர்-டெக்ஸ்' ஷூ வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பனி விழும் நாட்டில், ஈரப் புல்லில் சரி. தடா போன்ற ஓடைப் பாதையில் வேண்டாம். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் மேல்வழியாக உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வராது. வலைத் துணி ஷூவில் நாலு அடி வைத்தால் வடிந்துவிடும். பருத்திக் காலுறையும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் உண்டாக்கும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது. உப்பலமடுகு போகிறவர்கள் வனத்துறையின் அனுமதி உண்டா என்று முன்னதாக விசாரித்துக்கொள்ள வேண்டும். அருவிக் குட்டைகளில் பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். மழைக்குப் பிறகு போகவே வேண்டாம்.

ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். பற்கள் தேயாமல் இருந்தாலும் நடு அடுக்கு அமுங்கிப் போயிருக்கும். பக்கவாட்டில் சுருக்கக் கோடுகள் நிறைந்தால் காலம் முடிந்தது என்று பொருள். நம் குடும்பங்களில் இன்னொரு வழக்கம், அடுத்த விடுமுறைக்கு ஆகட்டும் என்று ஷூவை ஊர் வீட்டு அலமாரியில் விட்டு வருவது. சென்னைப் புழுக்கத்தில் பாலியுரேத்தேன் அடிப்பாகம் உடைய ஷூக்கள் உபயோகிக்காமலே கெட்டுவிடும். காற்றின் ஈரம் அந்தப் பொருளைச் சிதைத்துப் பொடியாக்குகிறது. மற்ற வகைகளிலும் பசை விட்டுப்போவதுண்டு. ஆகவே ஊர் போய்ச் சேர்ந்ததும் முதலில் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, ஓரத்தை மெல்லப் பிரித்துப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலும் ஓரம் பிரிந்தாலும் அந்த ஜோடி மார்க்கெட்டுக்குப் போய் வரக்கூட உதவாது. ஊருக்குப் போகும்போது கையோடு பழகிய ஜோடியையே எடுத்துச் செல்லுங்கள்.