சேனை விதைக் கிழங்கை உறக்க காலத்தில் காப்பது எப்படி?

தென் மாவட்டங்களில் தைப் பொங்கல் காய்கறிகளில் சேனைக்கு என்றும் இடம் உண்டு. சென்னைப் பக்கம் இதையே கருணைக்கிழங்கு என்பார்கள். இதைப் பயிரிடும் சிறு விவசாயிக்கு உரச் செலவை விட விதைச் செலவே பெரிது. குழிக்கு 1 கிலோ விதை வைத்தால், நன்கு விளைந்த குழியில் 3 கிலோ கிழங்கு கிடைக்கும். ஆக, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு மறுபடியும் மண்ணுக்குள் போகிறது. அந்த விதை அழுகிவிட்டால் அடுத்த ஆண்டு நடவே நின்றுபோகும்.

மார்கழியில் இலை மஞ்சளாகி, தண்டு சாய்ந்துவிடும். செடி செத்துவிட்டதாக எண்ணி மேலும் தண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. அது தவறு. சேனை அப்போது உறங்கத் தொடங்குகிறது. இந்த உறக்கம் 2 முதல் 3 மாதம் நீடிக்கும். அப்போது கிழங்குக்கு வேர் கிடையாது. தண்ணீரை உறிஞ்ச வழியில்லை. ஈரம் பட்டால் அழுகத்தான் செய்யும்.

சேனையின் இனத்தைச் சேர்ந்த கொன்யாக்கு என்னும் கிழங்கை ஜப்பானில் குன்மா பகுதி விவசாயிகள் பயிரிடுகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் நிலம் உறையும். அதனால் பனிக்கு முன்பே கிழங்கைத் தோண்டி, வீட்டுக்குள் உலர்வாக வைத்திருந்து, வசந்த காலத்தில் மீண்டும் நடுகிறார்கள். அங்கே குளிர் செய்யும் வேலையை நம் ஊரில் மாசி, பங்குனி வறட்சி செய்கிறது. இரு இடத்திலும் தேவை ஒன்றே: உறங்கும் கிழங்கு நனையக் கூடாது.

தோண்டும்போது மண்வெட்டி பட்ட கிழங்கை விதைக்கு வைக்க வேண்டாம். அழுகல் அந்தக் காயத்தில்தான் தொடங்கும். அதைச் சமையலுக்கோ சந்தைக்கோ அனுப்பிவிடலாம். காயமில்லாத கிழங்கின் மண்ணை உதிர்த்து, கழுவாமல், காற்றோட்டமுள்ள நிழலில் மணல் பரப்பி ஒரே அடுக்காக வைக்கவும். குவித்தால் உள்ளே வெப்பம் ஏறும். தகரக் கொட்டகையை விட வேப்பமர நிழலில் போட்ட ஓலைக் கொட்டகை மேல். வாரம் ஒரு முறை புரட்டிப் பார்த்து, மாவுப்பூச்சி கண்டதையும் மெத்தென்று ஆனதையும் உடனே அகற்ற வேண்டும்.

தொட்டியிலோ பழைய உரச் சாக்கிலோ வளர்ப்பவர்கள் கிழங்கைத் தோண்டாமல் அப்படியே விட்டுவைக்கலாம். ஆனால் இலை சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிட வேண்டும். திறந்த வெளியில் கிடந்தால் ஒரு கோடை மழை போதும், கிழங்கு கெட்டுவிடும்.

கிழங்கின் நடு முளை தடித்து வெளுத்தால் உறக்கம் கலைகிறது என்று பொருள். சித்திரைக் கடைசிக்குள் நட்டால் 8 மாதத்தில், பொங்கலுக்குத் தோண்டலாம். ஒவ்வொரு துண்டிலும் நடு முளையின் ஒரு பகுதி இருக்குமாறு மேலிருந்து கீழாக, வட்டப் பணியாரத்தைப் பங்கு போடுவதுபோல் வெட்ட வேண்டும். சாணக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்திய பிறகே நடவு.

இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் ஒட்டிய மணல் கலந்த வண்டல் சேனைக்கு ஏற்றது. கரிசலில் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கி, தண்டின் அடி அழுகும். கரிசல்காரர்கள் வடிகால் எடுத்து மேட்டுப்பாத்தியில் நடுவது நலம். இல்லையேல் சாக்கே மேல்.

குழிக்குக் குழி 3 அடி. 1 சென்டில் சுமார் 48 குழி பிடிக்கும். குழி 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். அடியில் 2 கிலோ தொழு உரத்துடன் வேப்பம் பிண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும் கலந்து இட்டால் அழுகல் குறையும். நட்டதும் பனை ஓலையோ சோளத்தட்டையோ மூடாக்காகப் போடவும். முளை வெளிவர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அவசரப்பட்டுத் தோண்டிப் பார்ப்பதும், தினமும் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. மண் லேசாக ஈரம் காத்தால் போதும்.

நட்ட 45ஆம் நாள் குழிக்கு யூரியா 7 கிராம், சூப்பர் பாஸ்பேட் 30 கிராம், பொட்டாஷ் 7 கிராம் இட்டு மண் அணைக்கவும். ஒரு மாதம் கழித்து யூரியாவும் பொட்டாஷும் அதே அளவு. நட்ட விதை சுருங்கி, அதன் தலைமேல்தான் புதுக் கிழங்கு உருவாகிறது. ஆகவே மண் அணைப்பைத் தவறவிடக் கூடாது.

புதிதாக விதை வாங்குபவர்கள் அரிப்புக் குறைந்த கஜேந்திரா ரகத்தைக் கேட்டு வாங்கலாம். நாட்டு ரகம் வைத்திருப்பவர்கள் வெட்டும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளவும். சமைக்கும்போது புளி சேர்ப்பதை வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.