காந்தாரியா, கலப்பா? பூ சொல்லும்!

"வானம் பாத்து நிக்கிற காய்னா காந்தாரிதானே அண்ணாச்சி?" தென்காசிப் பக்கம் நாற்று வாங்க வருகிறவர்கள் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். அதை மட்டும் நம்பி வாங்கிடாதீங்க. அழகுக்கு வைக்கிற தொட்டி மிளகாயும் மேல்நோக்கித்தான் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்தால் தலைமுறைக்கும் அதுதான் 'காந்தாரி' ஆகிவிடும்.

இந்தக் குட்டி மிளகாய் மலையோர வீடுகளுக்குப் பழைய சொந்தம். 1956 நவம்பர் 1-இல்தான் செங்கோட்டை நம்ம மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் மலையாள நாட்டோடு இருந்த ஊர். அவித்த மரச்சீனிக் கிழங்குக்குக் காந்தாரியை நசுக்கித் தொட்டுக்கொள்ளும் ருசி அந்த உறவில் வந்ததுதான்.

சம்பா, குண்டு எல்லாம் 'கேப்சிகம் அன்னுவம்' இனம். காந்தாரி 'ஃப்ருட்டிசென்ஸ்'. வித்தியாசம் பூவில் இருக்கு. அன்னுவத்தின் பூ பால்வெள்ளை. பெரும்பாலும் கணுவுக்கு ஒன்று. காந்தாரிப் பூவில் இளம்பச்சை ஓடும். ஒரே கணுவில் இரண்டு, மூன்று கூடப் பூக்கும். பழுத்த காயைத் தொட்டு இழுத்தால் காம்பைச் செடியிலேயே விட்டுவிட்டுக் கையோடு வரும். பறவைக்குத் தோதான அமைப்பு இது. அதுகளுக்குக் காரம் உறைக்காது. தின்று எச்சமிட்ட இடத்தில் செடி முளைக்கும். மரத்தடியில் தானாக வந்த செடியையும் பூ பார்த்த பிறகே நம்புங்க.

விதைப்பை மாசியிலேயே முடிப்பது நல்லது. பத்து நாளில் முளைக்கலையேன்னு பாத்தியைக் கிளறிடாதீங்க. மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். சாரல் தொடங்குமுன் செடி தேறிவிட வேண்டும். குற்றாலச் சாரலில் இளநாற்று நனைந்துகொண்டே இருந்தால் தண்டு அழுகிச் சாயும். ஆகவே மேட்டுப்பாத்தி, தண்ணீர் வடிய வழி. லேசான தென்னை நிழல் இதுக்கு ஒத்துவரும். சில ஆண்டுகள் நின்று காய்க்கும் செடி என்பதால் மூன்றடி இடைவெளி கொடுங்க.

விதைக்கு ஒரு கிளை போதும். தேனீ பக்கத்து மிளகாயின் மகரந்தத்தைக் கொண்டுவராதபடி மொட்டிலேயே கொசுவலைத் துணியால் மூடுங்க; தன் மகரந்தத்திலேயே பிஞ்சு பிடிக்கும். பிஞ்சு நின்றதும் துணியை எடுத்துவிட்டு, அந்தக் காம்புகளில் நூல் கட்டி வையுங்க. நன்கு சிவந்த பின் பறித்து, நிழலில் உலர்த்தி, கையில் உறை மாட்டிக்கொண்டு விதையைப் பிரிங்க. வெறுங்கையோடு பிரித்துவிட்டுக் கண்ணைத் தொட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.