மெல்லத் தள்ளி ஊர் திரும்பிய ஹயபுசா

2003 மே 9 அன்று ஜப்பானிலிருந்து 510 கிலோ எடையுள்ள ஹயபுசா விண்கலம் கிளம்பியது. இட்டோகாவா என்ற சிறுகோளுக்குப் போய், அங்கிருந்து மண் அள்ளி வரவேண்டும். வழக்கமான எரிபொருளை நம்பினால் அதன் பாரமே இந்தச் சின்னக் கலத்தை விழுங்கிவிடும். அதனால் நான்கு அயனி இன்ஜின்களைப் பொருத்தினார்கள்.

இந்த இன்ஜினில் எதுவும் எரிவதில்லை. செனான் வாயுவின் மீது நுண்ணலையைப் பாய்ச்சினால் எலெக்ட்ரான்கள் பிரிந்து, நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள் மிஞ்சும். ஏறத்தாழ 1,500 வோல்ட் மின்னழுத்தம் அவற்றைத் துளைத்தட்டுகள் வழியே நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வீசும். விண்கலங்களின் வேதியியல் உந்திகளில் வாயு வெளியேறும் வேகம் இதில் பத்தில் ஒரு பங்குதான். வேகம் கூடக்கூட, அதே வேலைக்குச் செலவாகும் பொருள் குறையும். அயனிகள் மட்டும் வெளியேறினால் கலத்தில் எதிர்மின்னேற்றம் சேர்ந்து அவற்றைத் திரும்ப இழுக்கும். அதைத் தடுக்க, பக்கத்திலேயே ஒரு சமனி எலெக்ட்ரான்களை உமிழ்ந்துகொண்டிருக்கும். இத்தனைக்கும் மின்சாரம் தருவது சூரியத் தகடுகள்.

விசைதான் மிகக் குறைவு. ஓர் இன்ஜினின் தள்ளுவிசை 8 மில்லிநியூட்டன். மூன்று சேர்ந்து தள்ளினாலும் ஒரு ரூபாய் நாணயத்தின் எடைக்கு ஈடாகாது. ஆனால் தடுக்கக் காற்றில்லாத வெளியில் மாதக்கணக்கில் ஓடினால் வேகம் சேர்ந்துகொண்டே போகும். முழுப் பயணத்திலும் 47 கிலோ செனான் செலவில் ஹயபுசா நொடிக்கு 2.2 கிலோமீட்டர் அளவுக்கு வேகமாற்றம் பெற்றது.

2005 நவம்பரில் கலம் இட்டோகாவாவைத் தொட்டது. அதன்பின் அடிமேல் அடி. கலத்தின் சாய்வைத் திருத்த வைத்திருந்த வேதியியல் உந்திகளில் கசிவு ஏற்பட்டது. கலத்தை நிலைநிறுத்தும் மூன்று சக்கரங்களில் இரண்டு ஏற்கெனவே பழுது. டிசம்பரில் தொடர்பும் அறுந்து, அடுத்த மாதம்தான் மீண்டது. செனான் வாயுவை அப்படியே சமனிகள் வழியே பீய்ச்சி, கலத்தின் சாய்வைப் பொறியாளர்கள் சரிசெய்தார்கள்.

2009 நவம்பரில் கலத்தை ஓட்டிக்கொண்டிருந்த இன்ஜினும் நின்றது. ஓர் இன்ஜினில் சமனி நன்றாக இருந்தது. இன்னொன்றில் அயனிப் பகுதி நன்றாக இருந்தது. இரண்டையும் இணைக்க உதவும் ஒரு டையோடு, கலம் கிளம்பும் முன்பே மின்சுற்றில் வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பாதிகளும் சேர்ந்து ஓர் இன்ஜினாக ஓடின.

2010 ஜூன் 13 அன்று கலம் வளிமண்டலத்தில் எரிந்துபோக, அது சுமந்துவந்த பெட்டகம் ஆஸ்திரேலியாவின் வூமேராவில் இறங்கியது. அதில் ஏறத்தாழ 1,500 சிறுகோள் துகள்கள் இருந்தன.

அதே வகை இன்ஜினின் மேம்பட்ட வடிவத்தோடு 2014-இல் கிளம்பிய ஹயபுசா 2, ரியுகு சிறுகோளிலிருந்து 5.4 கிராம் மண்ணை 2020 டிசம்பரில் பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.